நெடுங்கால ஜாவா, சி++ அனுபவத்திற்குப் பிறகு ரஸ்ட் கற்பது: விதிகள் புரிகின்றன, வடிவமைப்பு கைகூடவில்லை

மருதநிலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தில் சி++ மொழியிலும், அதன் பிறகு நெடுங்காலமாக ஜாவாவிலும் நிரல் எழுதி வருகிறேன். ஆவணங்களைப் படித்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு மர அமைப்பாக நினைவகத்தில் வைத்துக்கொண்டு தேடல்களுக்குப் பதில் தரும் சேவை ஒன்றை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதுவதென்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. மொழியின் அடிப்படைகளைப் படித்து முடித்துவிட்டேன். உரிமை, இரவல், லைஃப்டைம் (ஓர் இரவல் சுட்டு செல்லுபடியாகும் காலம்), ட்ரெயிட் (ஜாவாவின் இன்டர்ஃபேஸ் போன்றது) என்பவற்றைத் தனித்தனியாகக் கேட்டால் விளக்கிச் சொல்ல முடிகிறது. சிறு பயிற்சிகளையும் தடையின்றி எழுத முடிகிறது. உண்மையான ஒரு வடிவமைப்பை எழுத உட்காரும்போதுதான் எல்லாம் நின்றுவிடுகிறது.

ஆவண மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணுவும் தன் பிள்ளைக் கணுக்களையும் தன் பெற்றோர்க் கணுவையும் அறிந்திருக்க வேண்டும். ஜாவாவில் இதற்கு ஒரு வகுப்பும், அதற்குள் ஒரு பட்டியலும், ஒரு பெற்றோர்ச் சுட்டும் போதும். ரஸ்டில் பெற்றோரை இரவல் சுட்டாக வைத்தால் லைஃப்டைம் குறிகள் எல்லாக் கட்டமைப்புகளிலும் பரவி, இறுதியில் கம்பைலர் அதை ஏற்க மறுக்கிறது. ஆர்சி (எண்ணிக்கை வைத்துப் பல உரிமையாளர்களை அனுமதிக்கும் சுட்டு), ரெஃப்செல் (இரவல் சோதனையை நிரல் ஓடும் நேரத்திற்குத் தள்ளும் உறை) இரண்டையும் கொண்டு சுற்றி எழுதினால் கம்பைலர் ஏற்கிறது; ஆனால் அந்த நிரலைப் படிக்கும் எவருக்கும் அதில் நம்பிக்கை வராது.

என் கேள்வி இதுதான்: இது பழகப் பழகச் சரியாகிவிடும் சிக்கலா, அல்லது இதுவரை நான் வடிவமைத்து வந்த முறையையே மாற்றியாக வேண்டுமா? பிற மொழிகளில் ஆழ்ந்த அனுபவம் பெற்ற பின் ரஸ்டுக்கு வந்தவர்கள் எந்த வரிசையில் கற்றீர்கள் என்று விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

மருதநிலம் அவர்களுக்கு வணக்கம். வடிவமைக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. புதிதாக நிரல் எழுதக் கற்பவர் ரஸ்டில் திணறுவதற்கும் உங்களைப் போன்ற ஒருவர் திணறுவதற்கும் காரணம் வேறு வேறு. அவருக்கு எழுதத் தெரியாது. உங்களுக்கு எழுதத் தெரிந்த முறை ஒன்று கையோடு வந்துவிடுகிறது. அந்த முறைக்கு அடியில் இருக்கும் ஓர் அனுமானத்தை ரஸ்ட் ஏற்பதில்லை.

அந்த அனுமானம் என்ன என்று பார்ப்போம். ஜாவாவில் ஒரு பொருளைக் குறிக்கும் மாறி ஒவ்வொன்றும் ஒரு சுட்டுதான். எத்தனை இடங்களில் வேண்டுமானாலும் அந்தச் சுட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் பொருளை மாற்றலாம். எவராவது ஒருவர் பிடித்திருக்கும் வரை, பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அதை அழிக்காது. ஆகவே ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வடிவமைப்பின்போது எழுவதே இல்லை. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் மாற்றலாமா என்ற கேள்வியும், ஒரு பட்டியலைச் சுற்றிவரும் வளையத்திற்குள்ளேயே அதிலிருந்து ஓர் உறுப்பை நீக்கி, கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் வந்து நிற்கும் நாளில்தான் எழுகிறது. அந்தச் சோதனைகூட இயன்றவரை செய்யப்படுவதே அன்றி உறுதியளிக்கப்பட்ட ஒன்றல்ல என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

ரஸ்ட் இவ்விரண்டு கேள்விகளையும் கம்பைல் செய்யும்போதே கேட்கிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர். உரிமையாளரின் எல்லை முடிந்ததும் மதிப்பு அழிக்கப்படும். அதற்கிடையில் படிப்பதற்கான இரவல்கள் எத்தனையும் இருக்கலாம், அல்லது மாற்றுவதற்கான இரவல் ஒன்றே ஒன்று இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது. இந்த விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு உங்கள் சி++ அனுபவத்திலேயே விடை இருக்கிறது. ஒரு வெக்டாரின் (வளரக்கூடிய வரிசையின்) முதல் உறுப்புக்கு ஒரு சுட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதே வெக்டாரில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறீர்கள். இடம் போதவில்லை என்றால் வெக்டார் வேறு இடத்தில் பெரிய நினைவகத்தைப் பெற்று எல்லா உறுப்புகளையும் அங்கே கொண்டுபோய்விடும். உங்கள் சுட்டோ விடுவிக்கப்பட்ட பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒரே ஒரு த்ரெட்தான் (செயலோட்டம்) இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பகிர்வதும் மாற்றுவதும் ஒன்றுசேரும் இடத்தில்தான் தவறு பிறக்கிறது, அதற்குப் பல த்ரெட்கள் தேவையில்லை. ரஸ்ட் இதே நிரலை இ0502 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடுகிறது. ஒருமுறையாவது ரஸ்ட்சி கட்டளையின் விளக்க வசதியில் அந்த எண்ணைக் கொடுத்து, வரும் விளக்கத்தை முழுவதும் படித்துப் பாருங்கள்.

இனி உங்கள் மரத்திற்கு வருகிறேன். பெற்றோர் பிள்ளையைச் சொந்தமாக வைத்திருக்கிறது. பிள்ளை பெற்றோரைச் சுட்டுகிறது. எந்த இடத்திலிருந்தும் எந்தக் கணுவையும் மாற்றலாம் என்பதும் அந்த வடிவமைப்பில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு சுதந்திரமும் உங்கள் சேவைக்கு உண்மையிலேயே தேவையா, அல்லது ஜாவாவில் விலையின்றிக் கிடைத்ததால் வடிவமைப்பில் புகுந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். என் அனுபவத்தில் பெற்றோர்ச் சுட்டு தேவைப்படும் இடங்களில் பெரும்பாலானவற்றில், மரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வரும் செயற்கூறு தான் கடந்து வந்த பாதையைத் தன்னுடனேயே எடுத்துச் சென்றால் போதுமானதாக இருக்கிறது. அவ்வாறு செய்தால் பெற்றோர்ச் சுட்டு வேண்டியதே இல்லை. கணு தன் பிள்ளைகளை ஒரு வெக்கில் (ரஸ்டின் வெக்டாரில்) சொந்தமாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே இருபுறமும் செல்ல வேண்டியிருந்தால், எல்லாக் கணுக்களையும் ஒரே வெக்கில் வைத்து, பிள்ளையையும் பெற்றோரையும் அந்த வெக்கின் வரிசை எண்களால் குறிப்பிடுங்கள். அப்போது கணுக்கள் அனைத்துக்கும் உரிமையாளர் ஒருவரே. மாற்ற விரும்பும் செயற்கூறு மரம் முழுவதையும் மாற்றும் இரவலாகப் பெற்று, எண்ணைக் கொண்டு கணுவை அடையும். ரஸ்டில் வலைப்பின்னல் அமைப்புகளுக்காகப் பலரும் பயன்படுத்தும் பெட்கிராஃப் நூலகமும் கணுக்களைக் குறிப்பிட எண்களையே பயன்படுத்துகிறது. கணுக்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதால், பெரிய மரங்களைச் சுற்றிவரும்போது செயலியின் கேஷுக்கும் அது உகந்தது.

ஆர்சியும் ரெஃப்செல்லும் மூன்றாவது வழி. பிள்ளைகளை ஆர்சியாகவும் பெற்றோரை, உரிமை எண்ணிக்கையில் சேராத வீக் சுட்டாகவும் வைக்க வேண்டும். பெற்றோரையும் ஆர்சியாகவே வைத்தால் வட்டம் உண்டாகி நினைவகம் என்றைக்கும் விடுவிக்கப்படாது. ரஸ்ட் நினைவகக் கசிவைத் தடுப்பதாக எங்கும் உறுதியளிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரெஃப்செல் இரவல் விதியை நீக்குவதில்லை. அதைச் சரிபார்க்கும் வேலையை நிரல் ஓடும் நேரத்திற்குத் தள்ளிப்போடுகிறது. ஒரே ரெஃப்செல்லை இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் மாற்றும் இரவலாகக் கேட்டால் நிரல் பேனிக் ஆகி நிற்கும். கம்பைலர் சொல்லியிருக்க வேண்டியதை வாடிக்கையாளரின் கணினி சொல்லும். இந்த வழிக்கு உரிய இடங்கள் உண்டு. ஜாவா வடிவமைப்பை அப்படியே பெயர்த்து வைப்பதற்காக இதை எடுக்க வேண்டாம் என்றுதான் வலியுறுத்துகிறேன்.

பாலைத்திணை எழுதியது:

வைகைக்கரை அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். வரிசை எண்களைப் பற்றிய பகுதியில் மட்டும் எனக்கு வலுவான மறுப்பு உண்டு. வெக்கின் வரிசை எண் என்பது வேறு பெயரில் வரும் பாயின்டரே அல்லவா? ஏழாம் கணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு கணுவை வைத்த பிறகும், பழைய எண்ணை எங்கோ ஒரு கட்டமைப்பு பிடித்துக்கொண்டிருக்கலாம். அது இப்போது தவறான கணுவை எந்தப் புகாரும் இல்லாமல் எடுத்துத் தரும். இரவல் சோதனையை மதிக்கச் சொல்லிவிட்டு, அதன் பார்வையிலிருந்து விலகி நிற்கும் ஒரு முறையை முதல் பாடமாகவே கற்பிப்பது சரியா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன். குப்பை சேகரிப்பான் உள்ள மொழியில் இந்தப் பிழை நேர்வதே இல்லை. ஒரு சுட்டு உயிரோடிருந்தால் அது குறிக்கும் பொருளும் உயிரோடிருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

மறுப்பு நியாயமானது. அதை மறைத்துவிட்டு எவரும் ரஸ்டைப் பரிந்துரைக்கக் கூடாது. ஆனால் இரண்டு வகைப் பிழைகளை இங்கே வேறுபடுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. சி++ மொழியில் காலாவதியான பாயின்டரைப் பயன்படுத்தினால் வரையறுக்கப்படாத நடத்தை உண்டாகிறது. அதன் பிறகு நிரலைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, தாக்குபவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையவும் முடியும். காலாவதியான வரிசை எண்ணைப் பயன்படுத்தினால் தவறான கணு கிடைக்கும், அல்லது எண் வெக்கின் எல்லைக்கு வெளியே இருந்தால் பேனிக் ஆகும். இது தருக்கப் பிழை. கண்டுபிடிக்க வேண்டிய பிழைதான். ஆனால் அது நினைவகத்தைச் சிதைப்பதில்லை.

கணுக்களை அடிக்கடி நீக்கிச் சேர்க்கும் அமைப்பு என்றால் வெறும் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு இடத்திற்கும் ஒரு தலைமுறை எண்ணை வைத்து, இடத்தை மறுபயன்பாட்டுக்கு எடுக்கும்போதெல்லாம் அதைக் கூட்டி, சாவியில் இடத்தின் எண்ணும் தலைமுறை எண்ணும் சேர்ந்திருக்குமாறு செய்தால், பழைய சாவிக்கு நன் (இல்லை) என்றே விடை வரும். ஸ்லாட்மேப் என்ற நூலகம் இதைத்தான் செய்கிறது. மருதநிலம் அவர்களின் மரம் ஓர் ஆவணத்தைப் படித்த பின் மாறுவதே இல்லை என்றால் இந்த ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. எனவேதான் மரம் எவ்வளவு மாறுகிறது என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

கடலோடி எழுதியது:

சி++ வழியாக வந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். மருதநிலம் அவர்கள் தம் பழைய சி++ அறிவைத் தூசி தட்டி எடுத்துக்கொள்வது இங்கே பெரிதும் பயன்படும். ஜாவாவைக் காட்டிலும் அதுவே ரஸ்டுக்கு அருகில் இருக்கிறது. எல்லை முடியும்போது வளங்களை விடுவிப்பது, யூனிக் பாயின்டரைக் கையிலிருந்து கைக்கு மாற்றுவது, கான்ஸ்ட் சுட்டை அளவுருவாகப் பெறுவது ஆகிய நற்பழக்கங்கள் யாவும் ரஸ்டில் மொழியின் விதிகளாகவே இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் பழைய அறிவு வழிதவறச் செய்யும். சி++11 கொண்டுவந்த மூவ் (மதிப்பை ஒரு மாறியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பது) என்பதும் ரஸ்டின் மூவ் என்பதும் ஒன்றல்ல. சி++ மொழியில் ஒரு ஸ்டிரிங்கை மூவ் செய்த பிறகும் பழைய மாறி உயிரோடுதான் இருக்கிறது. அதன் உள்ளடக்கம் என்ன என்பது மட்டும் வரையறுக்கப்படவில்லை. அதைத் தொடர்ந்து பயன்படுத்தினாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், அதை அழிக்கும் டிஸ்ட்ரக்டரும் பின்னர் ஓடும். ரஸ்டில் மூவ் செய்த நொடியிலிருந்து பழைய மாறியைத் தொடவே முடியாது. தொட்டால் இ0382 என்ற பிழை வரும். பழைய மாறிக்கு டிராப் (ரஸ்டின் டிஸ்ட்ரக்டர்) ஓடுவதும் இல்லை. மூவ் கன்ஸ்ட்ரக்டர் என்று ஒன்றை எழுதவேண்டிய தேவையே இல்லாததால், மூவ் என்பது எப்போதும் பைட்டுகளை நகலெடுப்பது மட்டுமே. ஒரு கட்டமைப்பு தன்னுடைய உறுப்பு ஒன்றையே தானே சுட்டிக்கொள்வதை ரஸ்ட் ஏன் எளிதில் அனுமதிப்பதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். கட்டமைப்பு நகர்ந்தால் அந்தச் சுட்டு பழைய இடத்தைக் காட்டும். அதைத் திருத்த அங்கே எந்த நிரலும் ஓடாது.

லைஃப்டைம் குறிகள் எங்கும் பரவுவதாக எழுதியிருந்தீர்கள். கட்டமைப்புகளுக்குள் இரவல் சுட்டுகளை வைக்கத் தொடங்கியதன் விளைவு அது. சி++ நிரலாளர்கள் நகலெடுப்பதைத் தவிர்க்கும் ஆர்வத்தில் இதை முதல் நாளிலேயே செய்துவிடுகிறார்கள். நீண்ட நேரம் வாழும் கட்டமைப்பு தன் தரவைச் சொந்தமாக வைத்திருக்கட்டும்; இரவல் சுட்டுகள் செயற்கூறுகளின் அளவுருக்களிலும் சிறிது நேரமே வாழும் இட்டரேட்டர் போன்றவற்றிலும் மட்டும் இருக்கட்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கைக்கொண்டால், தொடக்கத்தில் லைஃப்டைம் குறியை நீங்களே எழுதவேண்டிய இடங்கள் மிகவும் குறைந்துவிடும்.

இவ்வளவு உழைப்பும் எதற்காக என்று உங்கள் குழுவில் எவராவது கேட்டால் சொல்வதற்குச் சில தகவல்கள். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் பதிவாகும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019ஆம் ஆண்டு வெளியிட்டது. குரோமியம் திட்டமும் தன் கடுமையான பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ஏறத்தாழ அதே அளவைச் சொன்னது. புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்தது 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்ததாகக் கூகுள் அறிவித்தது. பழைய நிரல்களைத் திருத்தி எழுதாமல், புதிதாக எழுதுபவற்றை மட்டும் மாற்றியே இந்தக் குறைவு பெருமளவில் கிடைத்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 முதல் கெர்னலிலும் ரஸ்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நீங்கள் ஜாவாவிலிருந்து வருவதால் இந்த வாதம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஜாவாவும் நினைவகப் பாதுகாப்புள்ள மொழியே. உங்கள் குழு ரஸ்டைத் தேர்ந்தெடுத்த காரணம் நினைவகப் பயன்பாட்டின் அளவோ, குப்பை சேகரிப்பின் இடைநிறுத்தங்களோ என்றால், அந்தக் காரணத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கற்பதில் செலவாகும் நேரத்தை நியாயப்படுத்த அது தேவைப்படும்.

தேனூற்று எழுதியது:

இடையில் ஒரு சிறு கேள்வி. பிழை வரும் இடங்களிலெல்லாம் குளோன் (மதிப்பின் நகல்) செய்து கடந்துபோகலாமா? எங்கள் அலுவலகத்தில் இதைக் கண்டாலே நிரல் மீளாய்வில் மறுத்துவிடுகிறார்கள்.

கடலோடி எழுதியது:

கற்கும் காலத்தில் தாராளமாகச் செய்யலாம். ஜாவாவில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒதுக்கீடுகளோடு ஒப்பிட்டால், ஒரு சிறிய ஸ்டிரிங்கைக் குளோன் செய்வது பெரிய செலவல்ல. செலவு நிரலில் எழுத்தாகத் தெரிகிறது என்பதுதான் வேறுபாடு. பின்னர் அளந்து பார்த்து, தேவையான இடத்தில் நீக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குளோன் செய்த பிறகு இரண்டு தனித்தனிப் பிரதிகள் இருக்கின்றன. மாற்றம் எல்லோருக்கும் தெரிய வேண்டிய தரவைக் குளோன் செய்தால் பிழை நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆர்சியைக் குளோன் செய்வது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே தரவு நகலெடுக்கப்படுவதில்லை, எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடுகிறது.

நெய்தற்கரை எழுதியது:

இதுவரை எழுதப்பட்டவை எல்லாம் கடினமான பக்கத்தைப் பற்றியவை. நானும் ஜாவாவிலிருந்து வந்தவனே. அனுபவமுள்ளவர் உடனே பலன் பெறும் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து தொடங்குவதே மனத்திற்கும் உற்சாகம் தரும்.

ரஸ்டில் நல் (எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டு) இல்லை. இல்லாமல் போகக்கூடிய மதிப்பு ஆப்ஷன் என்ற வகையில் வரும். சம் (மதிப்பு உண்டு), நன் (இல்லை) ஆகிய இரு நிலைகளையும் கையாளாமல் உள்ளிருக்கும் மதிப்பை எடுக்க முடியாது. 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் சுட்டை உருவாக்கிய டோனி ஹோர், பிற்காலத்தில் அதை நூறு கோடி டாலர் தவறு என்று தாமே குறிப்பிட்டார். அந்தத் தவறின் பலனை நள்ளிரவுகளில் அனுபவித்த ஜாவா நிரலாளர் எவருக்கும் ஆப்ஷனின் அருமையை விளக்கத் தேவையில்லை. தோல்வியடையக்கூடிய செயற்கூறு ரிசல்ட் என்ற வகையைத் திருப்பித் தரும். கேள்விக்குறி ஒன்றை வரியின் இறுதியில் இட்டால், பிழை வந்திருந்தால் அது அழைத்தவருக்கு அனுப்பப்படும், இல்லையேல் மதிப்பு கிடைக்கும். எக்செப்ஷனைப் போலப் பிழை மேலே செல்கிறது, ஆனால் அது செல்லும் பாதை ஒவ்வொரு செயற்கூறின் அறிவிப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது.

மரபுரிமைக்குப் பழகியவர்கள் எல்லாவற்றையும் ட்ரெயிட் கொண்டு கட்ட முயல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆவணத்தின் பகுதிகள் தலைப்பு, பத்தி, அட்டவணை, படம் என்று முன்னரே தெரிந்த வகைகள் என்றால் ட்ரெயிட் தேவையில்லை. ஒவ்வொரு வகையும் தனக்குரிய தரவைத் தாங்கும் ஓர் ஈனம் (enum, வகைகளைப் பட்டியலிடும் அமைப்பு) போதும். வகைக்கேற்பக் கிளை பிரிக்கும் மேட்ச் எழுதும்போது ஏதாவதொரு வகையை விட்டுவிட்டால் கம்பைலர் மறுக்கும். நாளை புதிய வகை ஒன்றைச் சேர்த்தால், திருத்த வேண்டிய எல்லா இடங்களையும் கம்பைலரே பட்டியலிட்டுத் தரும், நீங்கள் பொதுப்படையான கடைசிக் கிளை ஒன்றை எழுதி அதன் கண்ணை மறைக்காதவரை. ஜாவா 17இல் வந்த சீல்டு இன்டர்ஃபேஸையும் ஜாவா 21இல் நிலைபெற்ற ஸ்விட்ச் வடிவப் பொருத்தத்தையும் பயன்படுத்தியிருந்தால் இந்த எண்ணமுறை உங்களுக்குப் புதிதல்ல.

பொதிகைச்சாரல் எழுதியது:

தமிழ் ஆவணங்களையும் இந்தச் சேவை கையாளுமானால் ஒன்றைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. ரஸ்டில் ஒரு ஸ்டிரிங்கின் மூன்றாம் எழுத்தை எண்ணால் கேட்க முடியாது, கம்பைலரே மறுக்கும். ஸ்டிரிங் எப்போதும் யூடிஎஃப்-8 வடிவில் இருக்கிறது என்பதும், அதில் எழுத்துகளின் பைட் அளவு ஒன்றுபோல் இராது என்பதும் காரணம். "தமிழ்" என்ற சொல்லின் லென் (பைட் நீளம்) 15 என்று வரும், ஏனெனில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. சார்ஸ் இட்டரேட்டரைக் கொண்டு எண்ணினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 வரும். ஜாவாவின் லெங்த்தும் இதே 5 என்றுதான் சொல்லும். படிப்பவர் கண்ணுக்கு இருப்பவையோ த, மி, ழ் என்ற மூன்று எழுத்துகளே. அவற்றைப் பெற யூனிகோட்-செக்மென்டேஷன் என்ற நூலகத்தைச் சேர்க்க வேண்டும். அதுவும் க்ஷ என்பதை இரண்டாகவே பிரிக்கும். அதை ஓரெழுத்தாகக் கொள்ள வேண்டுமென்றால் நீங்களே தனியாக எழுத வேண்டும்.

பைட் எண்ணைக் கொண்டு துண்டு எடுக்கலாம். ஆனால் ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டினால் நிரல் பேனிக் ஆகும். ஆங்கில உரையில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரல் தமிழ் உரை வந்த முதல் நாளே விழுவதற்கு இது போதும். எனவே சோதனைத் தரவில் தமிழ் வரிகளை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கற்கும் வரிசையைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. சேவை என்றவுடன் டோக்கியோ என்ற நூலகத்தையும் அசிங்க் செயற்கூறுகளையும் (காத்திருக்கும்போது பிற வேலைக்கு வழிவிடுபவை) கொண்டு தொடங்கத் தோன்றும். அசிங்க், அவெய்ட் ஆகியவை 2019 நவம்பரில் 1.39 பதிப்பில் நிலைபெற்றவை; நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் இரவல், லைஃப்டைம், ட்ரெயிட், செண்ட் (வேறு த்ரெட்டுக்கு அனுப்பலாம் என்ற குறி), பின் (மதிப்பு இடம் நகராமல் நிறுத்தும் வகை) ஆகிய அனைத்தும் ஒரே பிழைச்செய்தியில் சேர்ந்து வரும் இடம் அது. முதலில் கட்டளைவரியில் ஒரு கோப்பைப் படித்து, மரத்தைக் கட்டி, விடையை அச்சிடும் நிரலை அசிங்க் இல்லாமல் எழுதி முடியுங்கள். அதன் பின் அதையே சாதாரண த்ரெட்களில் பிரித்துப் பாருங்கள். ஆர்சியை வேறு த்ரெட்டுக்கு அனுப்ப முயலும்போது கம்பைலர் மறுப்பதையும், அணுநிலை எண்ணிக்கை கொண்ட ஆர்க் என்ற வகையை அங்கே பயன்படுத்த வேண்டியிருப்பதையும் நேரில் காண்பீர்கள். ஜாவாவில் பூட்டு ஒருபுறமும் தரவு மறுபுறமும் இருக்கும். இன்ன பூட்டு இன்ன தரவுக்கு என்பது நிரலாளரின் நினைவில் மட்டுமே இருக்கும். ரஸ்டின் மியூட்டெக்ஸ் தரவைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், பூட்டைப் பெறாமல் தரவைத் தொட வழியில்லை. தரவுப் போட்டி இவ்வாறு தடுக்கப்படுகிறது. இரண்டு பூட்டுகளை மாறி மாறிப் பிடித்து முட்டி நிற்கும் டெட்லாக் தடுக்கப்படுவதில்லை.

கிளிப்பி என்ற நிரல் சோதனைக் கருவியை நாள்தோறும் ஓட்டுங்கள். பழைய மொழியின் சாயலில் எழுதிய வரிகளை அது பெரும்பாலும் சுட்டிக்காட்டிவிடும். புதிய பதிப்புகள் ஆறு வாரத்திற்கு ஒன்று வருவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பழைய நிரலை உடைக்கக்கூடிய மாற்றங்கள் 2018, 2021, 2024 என்ற எடிஷன்களில் மட்டுமே வருகின்றன, அவற்றையும் நீங்கள் விரும்பி ஏற்றால்தான் உண்டு.

மருதநிலம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜாவா நிரலில் பெற்றோர்ச் சுட்டு பயன்படும் இடங்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு பத்தி எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாதையைக் கட்டும் பணி ஒன்றிற்கே அது பயன்பட்டிருக்கிறது. மரத்தைக் கட்டும்போதே அந்தப் பாதையைக் கணுவில் எழுதி வைக்குமாறு மாற்றியதும் பெற்றோர்ச் சுட்டு தேவையற்றுப்போயிற்று. மரம் வெறும் வெக்குகளால் ஆனதாகிவிட்டது. அதே மாற்றத்தை இப்போது ஜாவா நிரலிலும் செய்யலாம் என்று தோன்றுகிறது.

இப்போது வேறொரு தடை. பகுப்பான் என்ற கட்டமைப்புக்குள் படித்த வரிகளின் வெக்கும் விடைகளைச் சேர்க்கும் ஓர் அட்டவணையும் இருக்கின்றன. வரிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, வளையத்திற்குள் அட்டவணையில் சேர்க்கும் மெத்தடை அழைத்தால் இ0502 வருகிறது. அந்த மெத்தட் வரிகளைத் தொடுவதே இல்லை. மெத்தடின் உள்ளடக்கத்தை வளையத்திற்குள் நேரடியாக எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் ஒரே செயல்தானே, ஏன் இந்த வேறுபாடு?

கடலோடி எழுதியது:

ஒரே செயற்கூறுக்குள் இருக்கும்போது, வரிகளின் வெக்கும் அட்டவணையும் தனித்தனி உறுப்புகள் என்பதைக் கம்பைலர் காண்கிறது. எனவே ஒன்றைப் படிக்கும் இரவலாகவும் மற்றொன்றை மாற்றும் இரவலாகவும் ஒரே நேரத்தில் தருகிறது. மெத்தடை அழைக்கும்போதோ அதன் அறிவிப்பை மட்டுமே பார்க்கிறது, உள்ளே நுழைந்து பார்ப்பதில்லை. செல்ஃப் (அதாவது அந்தக் கட்டமைப்பு) முழுவதையும் மாற்றும் இரவலாகக் கேட்கிறேன் என்று அறிவிப்பு சொல்கிறது; செல்ஃபின் ஒரு பகுதியான வரிகளோ ஏற்கெனவே இரவலில் இருக்கின்றன. உள்ளே பார்த்து முடிவு செய்தால், ஒரு நூலகத்தில் மெத்தடின் உட்பகுதியை மாற்றும்போதெல்லாம் அதை அழைக்கும் பிறருடைய நிரல்கள் உடைந்துபோகும். அறிவிப்பே ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு இது.

உங்கள் நிலைமைக்கு உகந்தது அட்டவணையையும் அதில் சேர்க்கும் மெத்தடையும் தனிக் கட்டமைப்பாகப் பிரித்துவிடுவது. அப்போது பகுப்பானுக்குள் வரிகள் ஓர் உறுப்பு, அட்டவணை மற்றோர் உறுப்பு. வளையத்திற்குள் அட்டவணையின் மெத்தடை அழைத்தால் இரவலாகப் போவது அட்டவணை மட்டுமே. பிரிக்க விருப்பமில்லை என்றால், மெத்தடை அட்டவணையை மட்டும் அளவுருவாகப் பெறும் தனிச் செயற்கூறாக மாற்றலாம். இரண்டும் இயலாத இடத்தில், மெம் தொகுதியில் உள்ள டேக் செயற்கூறால் வரிகளின் வெக்கை வெளியே எடுத்து ஓர் உள்ளூர் மாறியில் வைத்துக்கொண்டு, வளையம் முடிந்ததும் திரும்ப வைக்கலாம். உள்ளே விடப்படும் வெற்று வெக்குக்கு நினைவக ஒதுக்கீடு நடப்பதில்லை என்பதால் செலவு மிகக் குறைவு. ஆனால் வளையத்தின் நடுவில் கேள்விக்குறியால் வெளியேறினால் வரிகள் திரும்ப வைக்கப்படாமல் போகும். அதை மறவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையைப் பிரித்து எழுதிப் பார்த்துவிட்டு, பகுப்பானின் கட்டமைப்பை இங்கே இடுங்கள். விடைகளைச் சேர்க்கும் பணி பகுப்பானுக்குள் இருக்க வேண்டுமா என்பதையே அடுத்துப் பார்க்கலாம்.